பதினொன்றுக்கு அடிக்கும் பன்னிரண்டு

ரெஹோர் போய் ஏழு மாதம்.
நல்ல நாற்காலி அவனோடு போனது,
மடிக்கணினி என் பங்குக்கு வந்தது.
உள்ளே என் கோப்புகள் எல்லாம்
இன்னமும் அவன் பெயரிட்ட அடைவுக்குள்தான்.
திரையில் தெரியும் பெயரை மாற்றித் தந்த விண்டோஸ்
அடைவின் பெயரைத் தொட்டதும் கையை விரித்துவிட்டது.

அவன் பெயர் தொடங்குவதும் முடிவதும் ஒரே எழுத்தில்.
ரகரமும் அல்ல, ழகரமும் அல்ல,
நடுவில் எங்கோ நாக்கு அதிரும் ஓரிடம்.
பிர்னோவில் பிள்ளைகளுக்கு அது கடைசியாகத்தான் வாய்க்கும்.
கம்பைலருக்கு வாய்க்கவே இல்லை.
டிராம் சீட்டில் முத்திரை குத்தும் பெட்டிக்கு
நிரல் எழுதிப் பிழைப்பவள் நான்.
நாற்பத்து மூன்றாம் வரியில் என்னவோ பிழை என்று
சொல்ல வாயெடுத்து,
பாதையைச் சொல்லும்போதே இடறி விழுந்து,
தலையிலும் வாலிலும் கேள்விக்குறியோடு
அவன் பெயரை அச்சிட்டு நின்றுவிடும்.
ஏழு மாதமாய்
நானும் அவனை அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன்.

'மேக் வாங்கு, திறந்தால் திறக்கும், மூடினால் மூடும்'
என்றாள் ஹெட்விகா.
விலை, என் நான்கு மாத வாடகை.
'விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸைக் குடிவையேன்,
மெய்நிகர் இயந்திரம் எதற்கு இருக்கிறது'
என்றான் வோய்மிர்.
எட்டு ஜிபி நினைவகத்தில்
ஒருவருக்குள் ஒருவர் குடியிருந்தால்
மூச்சு எப்படி முட்டும் என்று
ஓரறை வீட்டில் ஆறு வருடம் பார்த்தவளிடம்
வோய்மிர் இதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

அடியோடு அழித்துவிடவும் வழியில்லை.
சீட்டு படிக்கும் கருவி விண்டோஸோடு மட்டும்தான் பேசும்.
அதைச் செய்த நிறுவனம் மூடியாயிற்று,
வேறு மொழி கற்றுக்கொடுக்க ஆளில்லை.

ஆகவே வட்டைப் பிரித்தேன்.
திரையில் ஒரு நீளக் கட்டம், நடுவே நகரும் கோடு.
அதற்கு எண்பது, எனக்கு நூற்று அறுபது.
பாதியில் எலியை விட்டுவிட்டு எழுந்துபோய்
ஜன்னலைத் திறந்தேன். பனி. மூடினேன்.
பழைய படங்களை முன்கூட்டிப் பிரதி எடுத்தாயா என்று
வோய்மிர் பிறகு கேட்டான்.
இல்லை.
மறதியா என்று அவனும் கேட்கவில்லை.

உன் பெயர் என்ன என்றது லினக்ஸ்.
மிலுஷே.
என் பெயரிலும் ஓர் எழுத்தின் தலையில்
சின்னதாய் ஒரு கொக்கி உண்டு.
அதை நானே கழற்றி வைத்துவிட்டுத் தட்டினேன்.
யாரும் கேட்காமலே.

வைஃபை அட்டையை அது அடையாளம் காணவில்லை.
ஒலி இல்லை. விசிறி மட்டும் சுற்றியது.
ஆனால் நாற்பத்து மூன்றாம் வரிக்கு வந்து
இடறாமல் சொல்லிற்று:
ஓர் அரைப்புள்ளி விட்டுப்போயிருக்கிறது.
அவ்வளவுதான்.
இத்தனை நாள் அது சொல்ல முயன்றது
அவ்வளவுதான்.

மூலையில் மணி பன்னிரண்டு என்றிருந்தது.
பெட்ரோவ் குன்றின் கோயில் மணியும்
அப்போதே பன்னிரண்டு முறை அடித்தது.
கோட்டை மாட்டிக்கொண்டு சூப் கடைக்கு இறங்கினேன்.
'பதினொன்றுதானே ஆகிறது, பருப்பே வேகவில்லை.
வெளியூரா?' என்றார் கடைக்காரர்.

வெளியூர் இல்லை. இதே ஊரில் பிறந்தவள்.
நண்பகலுக்குள் வீழாவிட்டால் விலகுவோம் என்ற படையை
ஒரு மணி முன்னதாக மணியடித்துத் துரத்திய கதையை,
அன்றுமுதல் பதினொன்றுக்கே நண்பகல் அடிக்கும் வழக்கத்தை
ஒன்றாம் வகுப்பிலேயே ஒப்பித்தவள்.

விஷயம் வேறு.
பலகைக்குள் ஒரே கடிகாரம்.
விண்டோஸ் அதில் ஊர் நேரத்தை எழுதிவைக்கிறது,
லினக்ஸ் அதை கிரீன்விச் நேரமென்று படித்து
ஒரு மணியைத் தானாகக் கூட்டிக்கொள்கிறது.
இருவர் மீதும் குற்றமில்லை.
திருத்த ஒரு வரிக் கட்டளை போதும்.

இன்னும் இடவில்லை.

காலையில் கறுப்புத் திரை
இரண்டு பெயரைக் காட்டி ஐந்து நொடி காத்திருக்கும்.
தொடாவிட்டால் மேலே உள்ளது திறக்கும்.
மேலே உள்ளது என்னுடையதுதான்.
இருந்தும் நான்காம் நொடிவரை
கீழ் அம்புக்குறியின் மேல்
விரல் ஏன் கிடக்கிறது என்பதை
விரலிடம்தான் கேட்க வேண்டும்.